கற்றாழைக்கும் ஓக்குக்கும் ஒரே இடம்

வீட்டுக்குப் பின்னால் எட்டடிக்குப் பத்தடி மண். மற்றதெல்லாம் சிமென்ட். அந்த மண்ணில் எது நிற்க வேண்டும் என்று புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் மூன்று வருஷமாக வழக்கு. வாதியும் அவர்களே, பிரதிவாதியும் அவர்களே, தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்களும் அவர்களே என்றால் அந்த வழக்கு எந்தக் காலத்தில் முடியும்?

புருஷன் தச்சர். எதைக் கண்டாலும் டேப்பை இழுத்து அளப்பதால் பட்டறையில் அவருக்கு 'முழக்கோல்' என்று பட்டப்பெயர். காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூடக் கட்டில் மட்டமாக இல்லை என்று எழுந்து ரசமட்டம் தேடியவர். பெண்டாட்டி பிளம்பர். தெருவில் சின்னது பெரியது எல்லாருக்கும் பைப்பக்கா. யார் வீட்டில் எந்தக் குழாய் எங்கே ஒழுகுகிறது என்பது அவளுக்கு வீட்டுக்காரர்களைவிட நன்றாகத் தெரியும்.

மண்ணுக்கு நடுவில் ஒரு ஆனைக்கற்றாழை இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருந்தது. இவர்கள் இந்த வீட்டுக்கு வந்த வாரம் பைப்பக்கா ஒரு சாண் குட்டியாகக் கொண்டுவந்து வைத்தது. இப்போது ஒவ்வொரு மடலும் நெஞ்சு உயரம், நுனியில் கோணி ஊசி மாதிரி முள். எட்டுக்குப் பத்தையும் தானே எடுத்துக்கொண்டு, யாரையும் பக்கத்தில் அண்டவிடாமல் மகாராணியாக இருந்தது.

"இதுவரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தினது கிடையாது. ஒரு இலை உதிர்ந்து சாக்கடையை அடைச்சது கிடையாது. காலையில போன் எடுத்தா தண்ணி வரலைங்கிறான், சாயங்காலம் எடுத்தா தண்ணி நிக்கலைங்கிறான். வீட்டுக்கு வந்தா என்கிட்ட தண்ணியைப் பத்தியே பேசாத ஒரே உசுரு அதுதான்" என்பாள் பைப்பக்கா.

"நிழல் தருமா? ஒரு குருவி உட்காருமா? பக்கத்துல போனா குத்துது. ஓக் மரம் வச்சா முன்னூறு வருஷம் நிக்கும்" என்பார் தச்சர்.

"முன்னூறு வருஷமும் அதோட வேர் என் பைப்புக்குள்ளேயே குடித்தனம் பண்ணும். மர வேர் உடைச்ச குழாய் எத்தனை மாத்தியிருக்கேன் தெரியுமா?"

சாப்பாட்டுத் தட்டு காயும்வரை இது நடக்கும். அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால், அவள் பிடித்ததற்கு இரண்டரை.

தச்சருக்கு ஓக் மேல் இருந்தது ஆசை மட்டும் இல்லை. முப்பத்தைந்து வருஷமாக அதை அறுத்து, இழைத்து, கதவாகவும் மேஜையாகவும் ஆக்கிச் சாப்பிட்டவர். ஒரு தடவை பழைய உத்திரம் ஒன்றைக் குறுக்கே அறுத்தபோது, சும்மா இருக்காமல் வளையங்களை எண்ணினார். இருநூற்று நாற்பது. தன் வயதுக்கு எவ்வளவு அகலம் என்று ஓரத்திலிருந்து அளந்தார். நாலு விரற்கடை. பிறந்தது, படித்தது, கல்யாணம், பிள்ளை, கடன், மூட்டுவலி எல்லாம் அந்த நாலு விரலுக்குள் அடங்கிவிட்டது. ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு அன்றைக்கு அரை நாள் சும்மா உட்கார்ந்திருந்தார். இவ்வளவு அறுத்தவன் ஒன்றுகூட நட்டதில்லையே என்ற எண்ணம் அன்றைக்கு அவரைப் பிடித்ததுதான், பிறகு விடவே இல்லை.

ஒரு அலுவலகத்துக்குக் கதவு மாட்டப் போன இடத்தில், வாசல் ஓக்கின் அடியிலிருந்து நாலு கொட்டைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். நர்சரிக்கார அம்மாவிடம் காட்டினார்.

"சாதாத் தொட்டியில வச்சுடாதீங்க. இது மேல வர்றதுக்கு முன்னாடி கீழே போற ஆளு. ஆழமா ஏதாவது வேணும்" என்றார் அந்த அம்மா.

வீட்டில் ஆழமாக இருந்தது பைப் ஒன்றுதான். வழக்கில் எதிர்க்கட்சியாக இருந்தும் பைப்பக்காவே ஆறு அங்குல பிவிசி பைப்பில் மூன்றடி வெட்டிக் கொடுத்தாள். மண் நிரப்பி, இரண்டு செங்கல் மேல் நிறுத்தி, நாலு கொட்டையையும் போட்டார்கள். முளைத்தது ஒன்று. ஒரு வருஷம் கழித்து மேலே பார்த்தால் ஒரு சாண் குச்சியும் ஏழு இலையும். இதற்கா இந்த ஆர்ப்பாட்டம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஒருநாள் பைப்பை லேசாகத் தூக்கிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அடியில் மண்ணுக்கு வெளியே வெள்ளையாக ஒரு வேர்முனை எட்டிப் பார்த்தது. மேலே ஒரு சாண், கீழே மூன்றடி!

நர்சரிக்கார அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இந்த மழைக்குள்ள தரையில வச்சுடுங்க. வழி இல்லேன்னா ஆணிவேர் சுருண்டுக்கும். சுருண்டது சுருண்டதுதான், அப்புறம் அது மரமாகாது."

அன்று சாயங்காலம் தச்சர் தட்டைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னார். பைப்பக்கா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை கற்றாழையை எடுத்துடலாம். அது என் காலத்துக்கு நின்னாச்சு. உங்களுக்கும் வயசு அம்பத்தெட்டு ஆகுது, இன்னொரு தடவை கொட்டை பொறுக்க முடியுமா?" என்றாள். மூன்று வருஷ வழக்கு மூன்று வாக்கியத்தில் முடிந்தது. ஜெயித்த தச்சருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இது நடந்தது திங்கட்கிழமை. வியாழக்கிழமை காலையில் பல் துலக்கப் பின்பக்கம் போன பைப்பக்கா, வாயில் நுரையோடு ஓடி வந்து அவரை எழுப்பினாள்.

கற்றாழையின் நட்டநடுவில், மடல்களைப் பிளந்துகொண்டு ஏதோ ஒன்று கிளம்பியிருந்தது. ஆள் தொடை தடிமனில், பச்சையாக, செதில் செதிலாக. தச்சரின் கை தானாக டேப்புக்குப் போயிற்று. முள்ளுக்கு நடுவே கையை விட்டு அளந்தார். ஒரு சாண். வெள்ளிக்கிழமை காலையில் இன்னும் அரைச் சாண் கூடியிருந்தது. டேப் பொய் சொல்கிறது என்று நினைத்து வேறு டேப் கொண்டுவந்தார். அதுவும் அதையேதான் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பைப்பக்கா சொன்ன சொல் மாறாதவள். காலை டீ குடித்ததும் கடப்பாரையை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். தண்டு முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது.

தச்சர் கடப்பாரையைப் பிடித்தபடி அதைப் பார்த்தார். நாலு நாளில் முழங்கால் உயரம்! எந்த மரத்திலும் இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க வளர்கிறதோ என்றுகூடச் சந்தேகம் வந்தது. கடப்பாரையைச் சுவரில் சாத்தினார்.

"இன்னைக்கு வேண்டாம். இன்னும் அளந்து முடியல" என்றார்.

நர்சரிக்கார அம்மாவே நேரில் வந்து பார்த்தார். மூக்கின் மேல் விரலை வைத்தார். "இது ஆயுசுக்கு ஒரே தடவை பூக்கும்மா. இத்தனை வருஷம் சேர்த்து வச்சதையெல்லாம் ஒரேயடியா எடுத்துச் செலவழிக்கும். பூத்து முடிஞ்சதும் போய்டும். எல்லாம் ஏழெட்டு மாசம்."

"போய்டும்னா?"

"அவ்வளவுதான். அதோட கதை முடிஞ்சுது."

பைப்பக்கா கற்றாழையைப் பார்த்தாள். தச்சர் பைப்பைப் பார்த்தார். எட்டு மாசம் இது நிற்கும். பைப்புக்குள் ஓக் எட்டு வாரம்கூடத் தாங்காது, வேர் சுருண்டுவிடும். "அதுக்கென்ன அவசரம், முன்னூறு வருஷம் வாழப் போறது, எட்டு மாசம் பொறுக்காதா?" என்று சிரித்தார் தச்சர். முப்பது வருஷமாக ஒரு பொய்யும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மனுஷர். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

மறுநாள் அவர் பட்டறையிலிருந்து திரும்பியபோது பைப்பக்கா ஓக்கின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இன்னொரு மூன்றடி பைப், மண் நிரப்பி, தயாராக.

"ஏங்க, பைப் பத்தலைன்னா பைப்பை நீட்டணும். இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு அலையுறீங்க?"

தச்சர் புது பைப்பைத் தட்டிப் பார்த்தார். இவ்வளவு எளிய விஷயம்! அவர் மரத்தை வெட்டிக் குறைத்தே பழகியவர். நீட்டுவது அவர் தொழிலில் இல்லை. இரண்டு பேரும் பிடித்து, ஓக் இருந்த பைப்பின் அடியில் தகரத்தைச் செருகித் தூக்கி, புது பைப்பின் தலையில் உட்கார வைத்து, தகரத்தை உருவி, இரண்டையும் இணைக்கிற கப்ளிங் வளையம் போட்டு இறுக்கினார்கள். சுவரில் கிளாம்ப் அடித்தார்கள். அந்த ஏழு இலைச் செடி இப்போது தச்சரின் தலைக்கு மேலே நின்றது. தண்ணீர் ஊற்ற ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் அந்த வீட்டில் காலை நேரம் வேலைக்குப் போகிற மாதிரியே இல்லை. ஏதோ விசேஷ வீடு மாதிரி ஆகிவிட்டது. எழுந்ததும் தண்டை அளக்க வேண்டும். அவர் ஏணியில் நின்று அளவைச் சொல்ல, அவள் இன்னொரு ஏணியில் நின்று சுவரில் பென்சிலால் கோடு போடுவாள். ஒரு நாள் நாலு அங்குலம், ஒரு நாள் ஆறு. கோடு ஜன்னலைத் தாண்டியது. கூரையைத் தொட்டது. சுவர் தீர்ந்துபோனது.

ஒரு வாரம் காற்று பலமாக அடித்தது. தண்டு பக்கத்து வீட்டுப் பக்கம் லேசாகச் சாய்கிற மாதிரி இருக்கவே தச்சருக்குத் தூக்கம் போயிற்று. இரண்டு நாள் உட்கார்ந்து, மேலே வளையம் வைத்த ஒரு தாங்கல் செய்தார். நாலு கால், குறுக்குச் சட்டம், தண்டைச் சுற்றி வளையம். வளையத்துக்கும் தண்டுக்கும் நடுவே காகிதம் நுழையாது; அவ்வளவு கச்சிதம். கால்களை மண்ணில் ஒரு அடி புதைத்துவிட்டு, தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டு உள்ளே போனார்.

காலையில் தாங்கலின் நாலு கால்களும் மண்ணை விட்டு வெளியே வந்து ஆடிக்கொண்டிருந்தன. வளையத்துக்குள் அகப்பட்ட செதில்கள் நசுங்கிச் சாறு கசிந்தது. வளையம் அதன்மேல் இருக்கிறது என்பதையே அந்தத் தண்டு சட்டை செய்யவில்லை. தூக்கிக்கொண்டே போய்விட்டது.

பைப்பக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "முழக்கோலய்யா, செத்த மரத்துக்குத்தான் அளவு எடுத்துப் பழக்கம் போல."

தச்சருக்குக் கோபம் வரவில்லை. ஏணியில் ஏறி வளையத்தைக் கழற்றினார். தன் கைக்குள் ஒன்று தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருப்பது அவருக்குப் பயமாகவும் இருந்தது, கும்பிட வேண்டும் போலவும் இருந்தது. நசுங்கிய இடத்தைத் தடவி, "தெரியாம பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

தண்டு ஏற ஏற மடல்கள் மெலிந்தன. தடித்த மடல்கள் வாரத்துக்கு வாரம் வற்றிச் சுருங்கின. ஒருநாள் பைப்பக்கா அதன் முன்னால் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். தண்ணீர் திறக்கவில்லை.

"ஊத்தேன்" என்றார் தச்சர்.

"வேண்டாங்க. அது கேக்கல." மடலைத் தொட்டாள். "இதெல்லாம் டேங்க்குங்க. இருபத்தாறு வருஷமா ரொப்பி வச்சிருக்கு. இப்ப தொறந்து விட்டிருக்கு. மோட்டார் கிடையாது, வால்வு கிடையாது, ரெண்டு மாடிக்கு மேல தண்ணி ஏத்துது, ஒரு சொட்டு ஒழுகல. நானும்தான் வாழ்நாள் பூரா பைப் போடுறேன்..." என்றவள் ஹோஸை அவரிடம் நீட்டினாள். அவர் ஹோஸை வாங்கிச் சுருட்டி வைத்தார்.

இருபத்துமூன்று அடியில் அது நின்றது. பிறகு பக்கவாட்டில் கைகள் விரிந்தன, ஒவ்வொரு கையிலும் தட்டு ஏந்திய மாதிரி மஞ்சள் பூக்கள். ஊரில் இருந்த தேனீயெல்லாம் அங்கேதான் இருந்தது. சமையல்கட்டில் நின்றால் அந்த ரீங்காரம் காதில் விழும். தெருவே மொட்டை மாடிகளில் ஏறி நின்று பார்த்தது. தண்ணீர் வரவில்லை என்று போன் செய்தவர்கள்கூட, "அக்கா, பூ எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் குழாய்க்கு வந்தார்கள். ஒரு குருவி என்ன, பெயர் தெரியாத பறவையெல்லாம் வந்து உட்கார்ந்தது. தச்சர் தன் பழைய வாதம் ஒன்றை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

எட்டாம் மாசம் எல்லாம் முடிந்தது. மடல்கள் துணி மாதிரி தரையில் கிடந்தன. தண்டு காய்ந்து கலகலத்தது. தச்சர் அதை அடியில் அறுத்துச் சாய்த்தார். இருபத்துமூன்று அடிச் சட்டத்தைத் தூக்க ஆள் கூப்பிட வேண்டும் என்று நினைத்தவர், ஒரு முனையைத் தூக்கிப் பார்த்துத் திகைத்தார். கனமே இல்லை. இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. பைப்பக்கா வேர்க்கட்டையைத் தானே தோண்டி எடுத்தாள். யாரையும் தொட விடவில்லை. அழுதாள்; அழுதுகொண்டே தோண்டினாள்.

இனி ஓக். அதே இடத்தில், மண்ணில் துளை போடும் திருகுகருவியை இரண்டு பேரும் ஆளுக்கொரு கைப்பிடியாகப் பிடித்துச் சுற்றினார்கள். ஆறடிக்குத் துளை இறங்க ஒரு பகல் ஆயிற்று. கிளாம்ப்களைக் கழற்றி, இரண்டு முக்காலிகள் மேல் பைப்பைப் படுக்க வைத்தார்கள். உள்ளே வேர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, நேராக இருக்கிறதா, இல்லை கப்ளிங்கிலேயே முட்டிச் சுருண்டுவிட்டதா, ஒன்றும் தெரியாது. சுருண்டிருந்தால் எட்டு மாசமும் வீண். அதைத் தெரிந்துகொள்ள பைப்பை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்க வேண்டும்.

தச்சர் மெஷினை எடுக்கவில்லை. மெல்லிய பல் வைத்த கைரம்பத்தை எடுத்தார். பைப்பின் கனம் நாலு மில்லிமீட்டர். அதற்கு மேல் ஒரு மயிரிழை இறங்கினாலும் வேர். முப்பத்தைந்து வருஷமாக அவர் ரம்பம் ஓக்கைக் கண்டால் அறுக்கத்தான் செய்திருக்கிறது. ரம்பத்தை வைத்தார், எடுத்தார். மறுபடி வைத்தார். ரம்பத்தை அவள் பக்கம் நீட்டினார்.

"நீ அறுத்துடு. பைப் உன் வேலைதானே."

"பைப் என் வேலைதான். ஆனா உள்ளே இருக்கிறது உங்களோடது. எங்கே நிறுத்தணும்னு உங்க கைக்குத்தான் தெரியும். மெதுவா. நான் பிடிச்சுக்கிறேன்."

அறுத்தார். ஒரு பக்கம் ஆறடி, மறுபக்கம் ஆறடி. ஒவ்வொரு விரற்கடைக்கும் நிறுத்தி, காதை வைத்துக் கேட்டார். சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. அவர் ஆயுசில் அவ்வளவு மெதுவாக எதையும் அறுத்ததில்லை. கடைசி அங்குலம் முடிந்ததும் ரம்பத்தைத் தூரமாக வைத்தார். பைப்பக்கா மேல் பாதியைத் தூக்கினாள்.

பெயின்ட் பிரஷ்ஷால் தச்சர் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினார். பென்சில் தடிமனில் வேர் தெரிந்தது. ஒன்றரை அடி, இரண்டரை அடி. கப்ளிங் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினார். வேர் அங்கே ஒரு நெளிவுகூட இல்லாமல் கடந்து போயிருந்தது. நாலடி. ஐந்தடி. தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்ட நூல் மாதிரி நேர். இருட்டுப் பைப்புக்குள், வெளிச்சமே பார்க்காமல், ஒரு சாண் குச்சி இத்தனை தூரம் நேராகப் போயிருக்கிறது! யார் ரசமட்டம் வைத்துக் காட்டினார்கள் அதற்கு? ஐந்தே முக்கால் அடியில், கடைசி ஒரு விரற்கடைக்கு மட்டும், வழி தேடுகிற மாதிரி முனை லேசாக ஒதுங்கியிருந்தது. இன்னும் ஒரு வாரம் தாமதித்திருந்தால் சுருண்டிருக்கும்.

பைப்பக்கா அந்த முனையை ஈரத் துணியால் மூடினாள்.

மிச்சப் பாதிப் பைப்பையே தொட்டிலாக வைத்து, சாய்த்து, துளைக்குள் மெல்ல இறக்கினார்கள். தச்சர் தரையில் குப்புறப் படுத்து, இரண்டு விரலால் செடியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார். அவள் பாதிப் பைப்பை மேலே உருவிக்கொண்டே, பொடி மண்ணைப் பிடி பிடியாக உள்ளே விட்டாள். குச்சியால் இடித்தாள். மறுபடி மண். வேர் மறைந்தது, அடி அடியாக மண்ணுக்குப் போயிற்று. கடைசியில் தரைக்கு மேலே மிஞ்சியது ஒரு சாண் குச்சியும் ஏழு இலையும்தான்.

பைப்பக்கா மண்ணை மிதித்துச் சமப்படுத்தினாள். தண்ணீர் விட்டாள். தண்ணீர் உறிஞ்சி இறங்கியது. தச்சர் இன்னும் படுத்தே கிடந்தார், இரண்டு விரலும் செடியின் கழுத்தில். கன்னத்தில் மண்ணும் கண்ணீரும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"விடுங்க. அது நின்னுக்கும்" என்றாள்.

அவர் கையை விட்டார். நின்றது.